ராணுவ வரலாற்றுக் கழகங்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

போர்களின் வரலாற்றை ஆராயும் கழகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், கேட்பவர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அந்தக் கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் பல, முன்னால் சொன்னதன் மேல்தான் நிற்கின்றன.

ராணுவ வரலாற்றுக்குன்னு தனிக் கழகம் இருக்கா? அங்கே என்னதான் செய்வாங்க?

இருக்கிறது, பல நாடுகளில். படை, ஆயுதம், கோட்டை, கடற்போர், போரில் சிக்கிய மக்கள் ஆகியவற்றின் கடந்த காலத்தை ஆதாரத்தோடு ஆராய்பவர்கள் கூடும் இடம் அது. ஆய்விதழ் நடத்துவார்கள், ஆண்டுதோறும் மாநாடு கூட்டுவார்கள், நல்ல நூலுக்கும் கட்டுரைக்கும் பரிசு கொடுப்பார்கள். சில கழகங்கள் பழைய ஆவணங்களை அச்சில் கொண்டுவருவதையே முழுநேர வேலையாக வைத்திருக்கின்றன. பிரிட்டனில் 1893-ல் தொடங்கிய கடற்படை ஆவணக் கழகம் அப்படிப்பட்டது.

தரைப்படை வரலாற்றுக்கென பிரிட்டனில் 1921-ல் ஒரு கழகம் வந்தது. அமெரிக்காவில் 1933-ல் ஓர் அறக்கட்டளையாகத் தொடங்கிய அமைப்பு, நடுவில் ஒருமுறை பெயர் மாறி, 1990 முதல் ராணுவ வரலாற்றுக் கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. அதன் காலாண்டிதழ் இந்தத் துறையில் முன்னணி இதழ்களில் ஒன்று. பல நாட்டு அமைப்புகளை இணைக்கும் சர்வதேச ஆணையம் 1938-ல் உருவானது.

நான் பட்டாளத்துல இருந்ததில்ல, பேராசிரியரும் இல்ல. என்னையெல்லாம் சேர்த்துக்குவாங்களா?

பெரும்பாலான கழகங்களில் விண்ணப்பமும் சந்தாவும் போதும். மாணவர்களுக்குச் சந்தா குறைவாகவே இருக்கும். சீருடை போட்டிருந்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை.

போர் பற்றிய எழுத்தையே திசை திருப்பியவர்களில் ஒருவர் ஜான் கீகன். சிறுவயதில் தாக்கிய காசநோயால் ராணுவத்தில் சேர முடியாதவர். சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இளம் அதிகாரிகளுக்குப் பாடம் எடுத்தார். 1976-ல் வெளியான தன் புகழ்பெற்ற நூலின் தொடக்கத்திலேயே, தான் எந்தப் போரிலும் இருந்ததில்லை என்று சொல்லிவிட்டார். போர்க்களத்தில் நிற்கும் சாதாரணச் சிப்பாய் என்ன பார்த்தான், என்ன கேட்டான், ஏன் ஓடாமல் நின்றான் என்று கேட்டவர் அவர். பேராசிரியர் பதவி இல்லாதவர்கள் இந்தத் துறையையே உலுக்கிய கதை ஒன்றும் கீழே வருகிறது; மிட்வே பற்றிய பதிலைப் பாருங்கள்.

தேதி, தளபதி பேரு, அம்புக்குறி போட்ட வரைபடம். இதைத் தாண்டி ஆராய என்ன இருக்கு?

1988-ல் யான் பீட்டர்ஸ் என்ற வரலாற்றாசிரியர் பெர்லின் அரசு நூலகத்தில் ஒரு நாட்குறிப்பைக் கண்டெடுத்தார். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் கூலிக்குச் சண்டையிட்ட ஒரு சிப்பாய் எழுதியது. முன்பக்கமும் பின்பக்கமும் கிழிந்து போயிருந்தன. எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. உள்ளே இருந்த குடும்பச் செய்திகளைத் தேவாலயப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அவர் பீட்டர் ஹேகன்டோர்ஃப் என்ற முடிவுக்கு வந்தார்கள். கால் நூற்றாண்டில் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்த மனிதர் அவர்.

1631 மே 20 அன்று ஜெர்மனியின் மக்டெபர்க் நகரம் வீழ்ந்தது. மதிலைத் தாண்டி உள்ளே போன ஹேகன்டோர்ஃப் இரண்டு இடத்தில் குண்டடிபட்டு முகாமுக்குத் தூக்கி வரப்பட்டார். நகரம் எரிந்துகொண்டிருந்தது. அவருடைய மனைவி அந்த நெருப்புக்குள் போய், கணவருக்குப் படுக்கைத் துணியும் ஒயினும் எடுத்து வந்தார். அவர் உள்ளே மாட்டிக்கொண்டார் என்று முகாமில் இருந்தவர்கள் பயந்துபோனார்கள். பிறந்த குழந்தைகளையும் இறந்த குழந்தைகளையும் ஹேகன்டோர்ஃப் வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறார்.

அம்புக்குறி வரைபடத்தில் அந்தப் பெண் இல்லை. ஆனால் அக்காலப் படைகளோடு பெண்களும் குழந்தைகளும் பெருங்கூட்டமாக நடந்தார்கள். உணவு தேடியவர்கள், துணி வெளுத்தவர்கள், காயத்துக்குக் கட்டுப் போட்டவர்கள் அவர்கள். அவர்கள் இல்லாமல் அந்தப் படைகள் நகர்ந்திருக்காது. உணவு, நோய், சம்பளம், சாலை, கடிதம், பயம் எல்லாமே இன்று இந்தத் துறையின் பாடங்கள். தேதியும் தளபதியும் தேவைதான். எந்தப் பிரிவு எந்த மணிக்கு எங்கே இருந்தது என்பது தெரியாமல் மற்றதைச் சொல்லவும் முடியாது.

போரைப் படிக்கிறதே போரைக் கொண்டாடுறதுதானே?

இந்தச் சந்தேகம் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே உண்டு. இந்தப் பாடத்தைத் தள்ளி வைத்த துறைகளும் உண்டு. அமெரிக்கக் கழகம் 2014-ல் இதற்கு விரிவான பதில் அறிக்கை ஒன்றையே வெளியிட்டது.

என் பதில் சுருக்கமானது. போரைப் புகழ்ந்து பாட ஆவணம் தேவையில்லை, ஒரு மேடை போதும். ஒரு தாக்குதல் ஏன் தோற்றது, அதற்கு உத்தரவிட்டவருக்கு முந்தின இரவு என்ன தெரிந்திருந்தது, எத்தனை பேர் சுடப்பட்டும் எத்தனை பேர் காய்ச்சலிலும் செத்தார்கள் என்று தோண்டுபவரிடம் புகழ்ச்சி தங்காது. இந்தக் கேள்விகளை ஆராய்ச்சியாளர் விட்டுவிட்டால் அந்த இடத்துக்குப் பிரச்சாரம் வந்துவிடும்.

எல்லாமே இணையத்துல கிடைக்குதே. கட்டணம் கட்டி ஆய்விதழ் எதுக்கு?

ஒருவர் சொன்னதை இன்னொருவர் சோதித்துப் பார்த்தாரா என்பதுதான் வித்தியாசம். ஆய்விதழுக்கு வரும் கட்டுரை, அந்தப் பொருளை அறிந்த இருவருக்காவது போகும். எழுதியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. படித்தவர்கள் யார் என்று எழுதியவருக்கும் தெரியாது. அடிக்குறிப்பில் காட்டிய ஆவணம் சொல்வதும் கட்டுரை சொல்வதும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள்.

ஓர் உதாரணம். 1939 செப்டம்பர் 1 அன்று போலந்துக் குதிரைப்படை ஈட்டியோடு ஜெர்மன் டாங்கிகள் மேல் பாய்ந்தது என்ற கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குரோயான்டி என்ற ஊருக்கு அருகே அன்று நடந்தது வேறு. குதிரைவீரர்கள் தாக்கியது காட்டின் திறந்த வெளியில் இருந்த ஜெர்மன் காலாட்படையை. அந்தத் தாக்குதல் பலிக்கவும் செய்தது. பிறகு வந்த கவச வண்டிகள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டன. பின்னர் அந்த இடத்துக்கு அழைத்து வரப்பட்ட பத்திரிகையாளர்களிடம் டாங்கிகளைத் தாக்கியதாகக் கதை சொல்லப்பட்டது. ஜெர்மன் பிரச்சாரத்துக்கு அது வசதியாக இருந்தது. திருத்தம் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. பகிரப்படுவது என்னவோ இன்றும் அந்தக் கதைதான்.

பெரிய நிபுணரே எண்ணிக்கையோட சொல்லியிருக்கார். அதையும் சந்தேகப்படணுமா?

சந்தேகப்பட வேண்டும், அதுவும் எண்ணிக்கை அழகாக இருக்கும்போது. அமெரிக்க ராணுவத்துக்காக இரண்டாம் உலகப் போரைப் பதிவுசெய்த எஸ்.எல்.ஏ. மார்ஷல், சண்டை நடக்கும்போது துப்பாக்கியைச் சுடுபவர்கள் அதிகபட்சம் கால்வாசிப் பேர்தான், மற்றவர்கள் சுடுவதே இல்லை என்று 1947-ல் எழுதினார். நூற்றுக்கணக்கான படைப்பிரிவுகளைக் கூட்டமாக விசாரித்ததாகச் சொன்னார். ராணுவப் பயிற்சி முறைகளைப் பற்றிய பேச்சிலும் மனித இயல்பைப் பற்றிய பேச்சிலும் அந்த எண் நுழைந்துவிட்டது.

1988-ல் ரோஜர் ஸ்பில்லர் ஒரு பிரிட்டிஷ் ஆய்விதழில் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்: அந்த எண்ணுக்கான குறிப்புகள் எங்கே? மார்ஷலின் எஞ்சியிருக்கும் குறிப்பேடுகளில் அப்படி ஒரு கணக்கெடுப்பின் தடயம் இல்லை. விசாரணைகளில் உடனிருந்த உதவியாளருக்கும், யார் சுட்டார்கள் யார் சுடவில்லை என்று மார்ஷல் கேட்டதாக நினைவில்லை. எல்லோரும் சுட்டார்கள் என்று இதற்கு அர்த்தம் அல்ல. அந்த எண்ணுக்கு அடியில் ஆதாரம் இல்லை என்றுதான் அர்த்தம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதற்குத்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது.

பழைய நூல்கள்ல 'லட்சக்கணக்கான படை'னு வருதே. அதை எப்படிச் சரிபார்க்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கி.மு. 480-ல் பாரசீக மன்னர் செர்க்சஸ் கிரேக்கத்தின் மேல் படையெடுத்தார். அவரிடம் போர்வீரர்கள் 26,41,610 பேர், ஏவலாட்களையும் சேர்த்தால் 52,83,220 பேர் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். கடைசி இலக்கம் வரை கணக்கு!

ஜெர்மன் வரலாற்றாசிரியர் ஹான்ஸ் டெல்ப்ரூக் 1870-ல் பிரான்சோடு நடந்த போரில் சண்டையிட்டவர். அவர் ஹெரோடோட்டஸைப் பொய்யர் என்று திட்டவில்லை. சாலையைக் கணக்குப் போட்டார். 30,000 பேர் கொண்ட ஜெர்மன் படைப்பிரிவு ஒன்று வண்டிகளோடு அணிவகுத்துப் போனால் சாலையில் எவ்வளவு நீளம் பிடிக்கும் என்பது அவர் காலத்து ராணுவத்துக்கு அத்துப்படி. அதே விகிதத்தில் பார்த்தால், பாரசீகப் படையின் முதல் ஆள் தெர்மோபிலைக் கணவாயை அடையும்போது, கடைசி ஆள் டைகிரிஸ் நதிக்கு அப்பால் சூசா நகரை விட்டு அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருப்பான்.

எந்த நூலைப் படித்தாலும் இதைச் செய்யலாம். இவ்வளவு பேருக்குத் தண்ணீர் எந்த ஆற்றில்? குதிரைகளுக்குப் புல் எங்கே? இந்தச் சமவெளியில் இத்தனை பேர் நிற்க இடம் உண்டா? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பார்கள்? காவியத்தில் வரும் எண் கேட்பவரை வியக்க வைப்பதற்காகச் சொல்லப்பட்டது. அதைக் கணக்காக எடுத்துக்கொள்வது காவியத்துக்கும் நியாயம் அல்ல, கணக்குக்கும் நியாயம் அல்ல.

நேர்ல இருந்தவரே சொல்றார். அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

இன்னொரு சாட்சி வேணும். முடிந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து.

வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1830-களில், நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர்க்களத்தின் பெரிய மாதிரி ஒன்றைச் செய்தார். 1815 ஜூன் 18 மாலை சுமார் 7 மணிக்குக் களம் எப்படி இருந்தது என்பதைக் காட்டுவது அவர் திட்டம். போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார்: அந்த நேரத்தில் உங்கள் பிரிவு எங்கே நின்றது, எதிரே யார், நிலத்தில் என்ன பயிர்? பதில்கள் குவிந்தன. அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டன. புகைக்குள் நின்றவருக்குத் தன் முன்னால் இருந்த சில கஜம்தான் தெரிந்திருந்தது. கடிகாரங்களும் ஒத்துப்போகவில்லை. நடந்து இருபது ஆண்டு ஆகிவிட்டதால், திரும்பத் திரும்பச் சொன்ன கதையே சிலருக்கு நினைவாகவும் ஆகிவிட்டிருந்தது.

மாதிரியில், பிரிட்டனோடு சேர்ந்து சண்டையிட்ட பிரஷ்யப் படைக்கு இவ்வளவு இடம் கொடுத்ததை பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் தரப்பு விரும்பவில்லை. அரசின் பண உதவி முன்பே நின்றிருந்தது. சைபோர்ன் கடன் வாங்கிப் பணியை முடித்தார். 70,000-க்கும் மேற்பட்ட குட்டிப் பொம்மைகள் கொண்ட அந்த மாதிரி இன்றும் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் கணக்கில் பொம்மைகளைவிட மதிப்புள்ளவை அந்தக் கடிதங்கள். அவற்றில் பலவற்றை அவர் மகன் 1891-ல் அச்சில் கொண்டுவந்தார். ஒருவர் கடிதத்தை மற்றவர் கடிதத்தோடு உரசிப் பார்க்க முடிவதால் இன்றும் ஆராய்ச்சி நடக்கிறது.

கழகத்துல சேர்ந்தா ரகசிய ஆவணமெல்லாம் பார்க்கலாமா?

முடியாது. கழகத்துக்குத் தனிச் சாவி எதுவும் இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கால வரம்பு உண்டு. அது முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திறக்கும். பிரிட்டனில் முதலில் 50 ஆண்டாக இருந்தது, பிறகு 30 ஆனது, 2013 முதல் படிப்படியாக 20-க்கு இறங்கியது. இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் 2021-ல் வெளியிட்ட கொள்கைப்படி போர் ஆவணங்கள் வழக்கமாக 25 ஆண்டில் திறக்கப்பட வேண்டும். ஆனால் 1962 போர் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ்–பகத் அறிக்கை போன்றவை அதைத் தாண்டியும் மூடியே கிடந்தன.

மூடி வைப்பதைவிடக் கொடுமை அழிந்து போவது. 1973 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பணியாளர் ஆவண மையம் தீப்பற்றியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அதில் அடக்கம். முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் 1940-ல் லண்டன் மேல் விழுந்த குண்டுகளால் எரிந்தன. குடும்பங்கள் வைத்திருக்கும் காகிதங்களுக்கு மதிப்பு ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்க தாத்தாவோட கடிதங்கள் பெட்டியில கிடக்கு. அதை வச்சு ஒரு கட்டுரை எழுதலாமா?

எழுதுங்கள். அதற்கு முன் சில விஷயங்கள். கடிதம் எந்த உறையில், எந்தக் கட்டில் இருந்ததோ அப்படியே இருக்கட்டும்; அந்த வரிசையே ஒரு செய்தி. லேமினேட் செய்யாதீர்கள், ஒட்டும் டேப் போடாதீர்கள். தட்டச்சு செய்யும்போது எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். படம் எடுத்து இன்னொரு இடத்திலும் சேமியுங்கள்.

அடுத்து, அவர் இருந்த பிரிவின் அன்றாடப் பதிவேட்டைத் தேடிப் பிடித்து, தேதி தேதியாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடிதத்தில் 'இங்கே எல்லாம் அமைதி' என்று இருக்கும், அன்றைய பதிவேட்டில் இறந்தவர் கணக்கு இருக்கும். தணிக்கை அதிகாரி படிப்பார் என்பதும் தெரியும், வீட்டில் பயப்படுவார்கள் என்பதும் தெரியும், அதனால் மறைத்தார். உங்கள் கட்டுரை அங்கேதான் இருக்கிறது. எதை எழுதவில்லை என்பதை எழுதுங்கள். வேறு யாருடைய பெயராவது சங்கடமான இடத்தில் வந்தால், அவர்கள் குடும்பத்தை நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

போர்க்களத்துல கிடந்த தோட்டா ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். தப்பா?

பல நாடுகளில் சட்டப்படியே தப்பு. வெடிக்காத குண்டாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. தொடாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

ஆராய்ச்சிக்கு என்ன இழப்பு என்பதையும் சொல்கிறேன். 1876 ஜூனில் அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, செயென் பழங்குடி வீரர்கள் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படையை முறியடித்தார்கள். 1983-ல் அங்கே புல் தீப்பிடித்து எரிந்து தரை வெளிப்பட்டது. தொல்லியலாளர்கள் உலோகம் கண்டறியும் கருவியோடு இறங்கினார்கள். கிடைத்த ஒவ்வொரு தோட்டா உறையின் இடத்தையும் குறித்துக்கொண்டார்கள். தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் சுடுமுள் உறையில் பதிக்கும் தழும்பு துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். அதனால் ஒரே துப்பாக்கி எங்கெங்கே சுட்டது என்று களத்தின் குறுக்கே பின்தொடர முடிந்தது. நூறாண்டாக அலட்சியப்படுத்தப்பட்ட பழங்குடி வீரர்களின் சாட்சியங்கள் பலவற்றோடு அந்த வரைபடம் ஒத்துப்போனது. இடம் தெரியாத தோட்டா வெறும் உலோகத் துண்டு.

வரலாற்றை ஜெயிச்சவன்தானே எழுதுறான்?

எப்போதும் அப்படி இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய மிட்வே கடற்போர் நல்ல எதிர் உதாரணம். 1942 ஜூன் 4 காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இன்னும் ஐந்து நிமிடத்தில் பெரும் தாக்குதலை ஏவியிருக்கும், அதற்குள் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டுவிட்டன என்று பல பத்தாண்டுகள் சொல்லப்பட்டது. அதைச் சொன்னவர் தோற்ற பக்கத்து அதிகாரி, மிட்சுவோ புச்சிடா. அவர் நூல் 1955-ல் ஆங்கிலத்தில் வந்தது. ஜெயித்தவர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். நூலிழையில் தப்பிய வெற்றி என்பது இரு பக்கத்துக்கும் பிடித்தமான கதை.

ஜொனாதன் பார்ஷல், ஆன்டனி டல்லி இருவரும் 2005-ல் இதை உடைத்தார்கள். பார்ஷல் மென்பொருள் துறையில் வேலை பார்த்தவர். ஜப்பானியக் கப்பல்களின் விமான இயக்கப் பதிவுகளில், பாதுகாப்புக்குப் பறக்கும் விமானங்கள் அந்தக் காலை முழுக்கத் தளத்தில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தன. அப்படியானால் தாக்குதல் விமானங்கள் அங்கே வரிசையாக நின்றிருக்க முடியாது. ஜப்பானிய ஆய்வாளர்கள் புச்சிடாவின் கூற்றை முன்பே கைவிட்டிருந்தார்கள். ஜப்பானிய மொழியில் இருந்ததை வெளியே யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். எந்தப் போரை ஆராய்வதாக இருந்தாலும் எதிர்ப்பக்கத்தின் மொழியைக் கொஞ்சமாவது கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கட்டுரையைத் திருப்பி அனுப்பிட்டாங்க. வெளியாளுங்கிறதாலயா?

மதிப்பிடுபவருக்கு உங்கள் பெயர் தெரியாது என்று மேலே சொன்னேன். பொதுவாகத் திரும்பி வருவதற்குக் காரணம், கட்டுரை ஒரு போரை விவரிக்கிறதே தவிர ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. முன்பு எழுதியவர்கள் சொன்னது என்ன, நீங்கள் மாற்றுவது என்ன என்று முதல் இரண்டு பக்கத்தில் தெரிய வேண்டும். மதிப்பீட்டுக் குறிப்பைச் சில நாள் கழித்து மறுபடி படியுங்கள். திருத்தி வேறு இதழுக்கு அனுப்புவது வழக்கமான நடைமுறைதான்.

நம்ம படை செஞ்ச கொடுமையை நாமே எழுதினா அது துரோகம் இல்லையா?

கேட்பவர் பெரும்பாலும் கோபத்தோடு கேட்பார். அவருடைய குடும்பத்தில் யாராவது அந்தப் படையில் இருந்திருப்பார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், சிறைப்பட்ட ஜெர்மன் அதிகாரிகள் நூற்றுக்கணக்கானோர் அமெரிக்க ராணுவத்தின் வரலாற்றுப் பிரிவுக்காகத் தங்கள் அனுபவங்களை எழுதினார்கள். பின்னர் அந்தப் பணியை வழிநடத்தியவர் ஃபிரான்ஸ் ஹால்டர், 1942 வரை ஜெர்மன் தரைப்படைத் தலைமைப் பணியகத்தின் தலைவர். தவறெல்லாம் ஹிட்லருடையது, படை கண்ணியமாகச் சண்டையிட்டது என்ற சித்திரம் அந்த எழுத்துகளில் உருவானது. நேரில் இருந்தவர்கள் எழுதியது என்பதால் மறுபக்கத்தில் பலர் நம்பினார்கள். வாட்டர்லூ பதிலில் சொன்ன சிக்கல்தான்; இங்கே விளைவு மிகப் பெரியது. ஜெர்மானியரிடம் சிக்கிய சோவியத் போர்க்கைதிகள் சுமார் 57 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய 33 லட்சம் பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பட்டினியாலும் நோயாலும் சுடப்பட்டும். அந்த நினைவுக்குறிப்புகளில் அவர்களுக்கு இடமே இல்லை.

அந்தச் சித்திரத்தை உடைத்ததில் ஜெர்மானியர்களுக்கே பெரும் பங்கு உண்டு. ஃபிரைபர்க் நகரில் இருந்த ராணுவ வரலாற்று ஆய்வு அலுவலகம் 1979 முதல் பத்துத் தொகுதிகளாக அந்தப் போரின் வரலாற்றை வெளியிட்டது. 1983-ல் வந்த நான்காம் தொகுதி சோவியத் படையெடுப்பைப் பற்றியது. படைத் தலைமை எந்த உத்தரவில் கையெழுத்திட்டது, எந்த உணவுத் திட்டம் யாரைப் பட்டினி போட்டது என்று கோப்பு எண்ணோடு அதில் இருக்கிறது. எழுதியவர்களுக்குள்ளேயே கடும் கருத்து மோதல் நடந்தது. அந்த அலுவலகம் ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கியது.